கண்டிச்சீமைக்குப் போனவர்: பெயர் எழுதப்படாத முன்னோரைத் தேடி

புதுக்கோட்டை மண் பெயர்களால் நிறைந்த மண். குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் திருமயத்திலும் பாறை தோறும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நுந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவர், ஏரிக்குத் தூம்பு அமைத்தவர், நிலத்தை இறையிலியாக்கி விட்டவர் என ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்களின் பெயர்களை நாம் இன்றும் விரல் வைத்துப் படிக்கலாம். ஆனால் அந்த ஆட்டை மேய்த்தவர் யார்? தூம்புக்குக் கல் சுமந்தவர் யார்? கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டிய நம் மரபு, பெற்றவரின் பெயரை எங்கே எழுதியது? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து செல்லும் ஒரு முயற்சி.

ஏழையின் பெயர் கல்வெட்டில் வராமலே போகவில்லை. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சத்தில் உயிர்பிழைக்க வழியின்றி வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களுடன் தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியை அது சொல்கிறது. பசித்திருந்த வரையில் அவர் பெயரை யாரும் எழுதவில்லை. விலைபோன அன்று எழுதினார்கள். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை என்பதை நாம் மேலே காண இருக்கிறோம்.

ஆங்கில நாட்டில் ஓர் ஏழையைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் தம் முன்னோரைத் தேடுவோர்க்கு ஒரு வசதி உண்டு. முன்னோர் செல்வராக இருந்தால் உயிலிலும் நிலப் பத்திரத்திலும் தேடலாம். ஏழையாக இருந்தால் ஏழையர் சட்டத்தின் ஆவணங்களில் தேடலாம். 1601ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் காலத்துச் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டமும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும் என்றது. அதற்காக வரி விதிக்கவும் அதிகாரம் அளித்தது. பணம் வரியாக வந்தமையால் கணக்கு எழுத வேண்டியதாயிற்று. கணக்கு எழுதியமையால் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பெயரும் எழுதப்பட்டது. 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், உதவி கேட்டு வந்தவர் எந்த ஊருக்கு உரியவர் என்பதை விசாரிக்கச் செய்தது. அவ்விசாரணைத் தாள்களில் பிறந்த ஊர், தந்தை, செய்த வேலை, மணம், மக்கள் எனக் கூலிக்காரர் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் பதிவாகியிருப்பதைக் காணலாம்.

1834ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இரக்கத்தைக் குறைத்து ஏட்டைப் பெருக்கியது. உதவி வேண்டுவோர் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட வேலைக்கூடத்துக்குள் வர வேண்டும். அங்குள்ள வாழ்வு, வெளியில் இருக்கும் கடைநிலைக் கூலியின் வாழ்வைவிடக் கீழானதாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம் எனப் பிரிக்கப்பட்டனர். சேர்க்கைப் பதிவேடு, நீங்கல் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, 1869 முதல் சமயப் பதிவேடு என ஏடுகள் குவிந்தன. சார்லி சாப்ளின் 1896இல் ஏழு வயதுச் சிறுவனாகத் தாயுடனும் அண்ணனுடனும் தென் லண்டன் வேலைக்கூடம் ஒன்றில் சேர்க்கப்பட்டவர். 1930இல் இந்த அமைப்பு முறைப்படி முடிவுக்கு வந்தது. ஆனால் ஏடுகள் பல மாவட்ட ஆவண நிலையங்களில் நின்றுவிட்டன. தம் பாட்டிக்குப் பாட்டி எந்த நாளில் எந்த வாசலில் பசியோடு நின்றார் என்பதை இன்றைய ஆங்கிலேயர் ஒருவர் நாள் குறித்துச் சொல்ல முடிகிறது.

அந்த வாழ்வு பொறாமைப்படத்தக்கது அன்று. அந்த ஏடு பொறாமைப்படத்தக்கது.

தாது வருடம்

நம் பக்கம் திரும்புவோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தை, அது தொடங்கிய ஆண்டின் பெயரால், தாது வருடப் பஞ்சம் என்று நம் மக்கள் அழைத்தனர். அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவில் மாண்டனர். புதுக்கோட்டைக்குத் தெற்கே சிவகங்கைச் சீமையில் வில்லியப்ப பிள்ளை அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ பாடினார். பசியையே எள்ளலாக்கிய அந்நூலைத் தமிழ் மாணாக்கர்கள் இன்றும் அதிகம் படிப்பதில்லை.

சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. ஏரி வெட்டுதல், சாலைக்குக் கல் உடைத்தல், கால்வாய் தோண்டுதல் ஆகியன அவ்வேலைகள். சென்னையின் பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பெயர் வந்ததே பஞ்சகால ஆளுநரால்தான். 1877இன் தொடக்கத்தில் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ், அந்த அளவு உழைக்கும் உடலைக் கொல்லும் என்று எதிர்த்து எழுதினார். பின்னர் அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. வீட்டைவிட்டுப் பல மைல் நடந்து வேலைத்தலத்துக்கு வருபவரே உண்மையில் பசித்தவர் என்ற ‘தொலைவுச் சோதனை’யும் இருந்தது. வேலைக்கூடத்தின் கொள்கையே கடல் கடந்து இங்கு வந்து வேறு உருவம் கொண்டது என்பதை வாசகர்கள் உணரலாம்.

கொள்கை வந்தது; சட்டம் வரவில்லை. 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், இங்கிலாந்தைப் போன்ற ஏழையர் சட்டத்தை இந்தியாவுக்குக் கொணர விரும்பவில்லை. பஞ்சத்தில் உதவி பெறுவதை உரிமையாக்கினால் மக்கள் எக்காலத்திலும் அதை உரிமையாகக் கேட்பார்கள் என்ற அச்சமே காரணம். உரிமை இல்லாத இடத்தில் பெயருக்கு வேலையில்லை. உரிமையுள்ளவரின் பெயரைச் சரிபார்க்க ஏடு வேண்டும். தயவைப் பெறுபவரின் தலையை எண்ணினால் போதும்.

எனவே நிவாரணக் கணக்குகள் எல்லாம் தலைக்கணக்குகளாகவே அமைந்தன. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, குழந்தைகள் இத்தனை, இலவசக் கஞ்சி பெற்றோர் இத்தனை என வாரந்தோறும் மாவட்டவாரியாக அறிக்கைகள் மேலே சென்றன. வேலைத்தலத்து மேஸ்திரி கையில் பெயர்ப்பட்டி இருந்திருக்கலாம். அத்தகைய அன்றாடத் தாள்கள் நிலைத்து வைக்கத்தக்கவை எனக் கருதப்படவில்லை. நம் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்தோர்க்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்ற குறிகள் பழக்கமானவை. முதலாவது நிலையாகக் காக்கப்படுவது. இரண்டாவது பத்தாண்டில் அழிக்கப்படுவது. மூன்றாவது ஓராண்டில் அழிக்கப்படுவது. இக்குறிகள் பிற்காலத்தவை. ஆயினும் எது நிலைக்க வேண்டும் என்ற தீர்ப்பு அவற்றுக்கு முன்பே இருந்தது.

தொண்டைமான் சீமையில்

புதுக்கோட்டை அப்போது பிரிட்டிஷ் மாவட்டம் அன்று. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. சமஸ்தானத்தில் அறத்துக்குக் குறைவில்லை. வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. நவராத்திரியில் அரிசியோடு பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் வழங்கப்பட்டது. அணாவில் இருபதில் ஒரு பங்கு மதிப்புள்ள அந்தச் சிறு காசை நாணயம் சேர்ப்போர் இன்று பெரும் பொருளாகப் போற்றுகின்றனர். காசில் அம்மனின் உருவம் உண்டு. மறுபுறம் ‘விஜய’ என்ற எழுத்தும் உண்டு. வாங்கிய கையின் பெயர் எங்கும் இல்லை. சத்திரத்துக் கணக்கிலும் அரிசி இத்தனை படி என்றுதான் இருக்குமேயன்றி, உண்டவர் இன்னார் என்று இராது. உண்டவரைப் பெயர் கேட்பது நம் மரபில் அறத்துக்கு இழுக்கு. அந்தப் பண்பாடே இன்று நமக்கு ஆவண இழப்பாகவும் ஆகிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கு மட்டும் ஊமையாக ஒன்றைச் சொல்கிறது. 1871இல் சமஸ்தானத்தின் மக்கள் 3,16,695 பேர். 1881இல் 3,02,127 பேர். பத்தாண்டில் வளர்ந்திருக்க வேண்டிய தொகை 14,568 குறைந்தது. அடுத்த பத்தாண்டில், 1891இல், அது 3,73,096 ஆக உயர்ந்தது. குறைந்தவர்களுள் எத்தனை பேர் மாண்டார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதை இந்த எண்கள் பிரித்துக் காட்டுவதில்லை.

நம் குடும்பத்தில் இந்தப் பதினாலாயிரத்துள் ஒருவர் இருக்கிறார். ஆலங்குடி வட்டத்தில், வானம் பார்த்த பூமியில் வரகும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த குடும்பம் அது. நம் எள்ளுப்பாட்டனாரின் தமையனார் ‘தாது வருசத்துல கண்டிச்சீமைக்குப் போனவுக’ என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவரைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியது அந்த ஒரு வரிதான். பெயர்கூட அப்பத்தாவுக்குத் தெரியாது. புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைப் பெண்கள் சொல்லக் கூடாது என்ற வழக்கம், இரண்டு தலைமுறைகளில் அப்பெயரையே துடைத்துவிட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பஞ்சகாலத் தொகுதிகளைப் புரட்டினோம். திருச்சிராப்பள்ளி ஆட்சியரே சமஸ்தானத்துக்கு அரசியல் முகவராகவும் இருந்தமையால் அத்திசையிலும் தேடினோம். மழையளவு உண்டு, தானிய விலை உண்டு, கஞ்சி குடித்தோர் எண்ணிக்கை உண்டு. அவர் அந்த எண்களுள் ஏதோ ஒன்றின் கடைசி இலக்கமாக இருக்கக்கூடும்.

கப்பல் ஏறியவருக்குப் பெயர் உண்டு

அவர் நேட்டாலுக்குப் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியன எழுதப்பட்டன. இப்பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் காக்கப்பட்டு, பெயர் கொண்டு தேடத்தக்க வகையில் தொகுக்கப்பட்டுள்ளன. மொரீஷியசிலோ இன்னும் ஒருபடி மேல். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகள் பலரின் ஒளிப்படங்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமத்துக் கூலி ஒருவரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மொரீஷியசுக்குப் போக வேண்டும்.

ஏன் அங்கு மட்டும் இத்தனை துல்லியம்? ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும். அதற்கு உயரமும் மருவும் தழும்பும் வேண்டும். திருப்பாம்புரத்துக் கல்வெட்டின் நீதி இங்கும் நின்றது. ஏழை தன்னை ஒப்புக்கொடுத்த அன்றுதான் எழுதப்பட்டார்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. இலங்கை அருகில் இருந்தது. ஒப்பந்தக் கப்பல் முறை அங்கு நடைமுறையில் இல்லை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டினார். பாக் நீரிணையின் சிறு துறைகளில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை போய்ச் சேர்ந்தனர். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர் பலர். பஞ்சத்தின் உச்சமான 1877இல் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையில் இறங்கினர். இறங்கியோர் எண்ணப்பட்டனர். பெயர்கள் கங்காணியின் நினைவிலும் அவருடைய கடன் கணக்கிலும் இருந்தன. ‘துண்டு’ என்ற சீட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் தொழிலாளியின் கடன் தொகையைச் சுமந்து சென்றது. அது 1921இல்தான் ஒழிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. எந்த மாவட்டத்து எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை அது. தொழிலாளி அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் பற்றில் எழுதப்படும். 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் படகும் வழியை எளிதாக்கின. பின்னர் மண்டபத்தில் தடுப்பு முகாம் எழுந்தது. இக்காலத்திலிருந்துதான் பெயர், ஊர், தோட்டம் என்ற வரிசையில் இலங்கைப் பயணியும் எழுத்தில் ஓரளவு வரத் தொடங்குகிறார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1921இல் சுமார் 4,27,000 ஆக இருந்து 1931இல் சுமார் 4,01,000 ஆகக் குறைந்தது. மழை பொய்த்த ஒவ்வொரு முறையும் மண்டபம் ரயில் நிரம்பியது என்று கொள்வதற்கு இந்த எண்கள் இடமளிக்கின்றன. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலிகள் செல்வதைத் தடை செய்தது.

தாள் இல்லாததன் விலை

முன்னோரின் பெயர் எழுதப்படாமை வெறும் குடும்ப ஏக்கம் என்று எண்ணிவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்கக் கேட்டது. லயக் காம்பிராவில் பிறந்து தேயிலைக்கு உரமாகிப்போன பாட்டனின் பிறப்புச் சீட்டைத் தொழிலாளி எங்கே தேடுவார்? ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. பஞ்சத்தில் தலையாக எண்ணப்பட்டவரின் பேரர்கள், நூறாண்டு கழித்தும் தலைகளாகவே எண்ணிப் பகிரப்பட்டனர்.

அவ்வாறு ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயருடன் மண்டபத்தில் இறங்கியவர்களிடம், உன் பூர்வீக ஊர் எது என்று கேட்கப்பட்டது. பலருக்கு ஊரின் பெயர் தெரியவில்லை. அல்லது தெரிந்த பெயர் இங்குள்ள எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் குலதெய்வத்தின் பெயர் தெரிந்திருந்தது.

அரசு எழுதாததை ஊர் எழுதியது

இங்குதான் நம் தேடலுக்கும் ஒரு வழி திறந்தது. தமிழர்க்கு ஏழையர் பதிவேடு இல்லை. ஆனால் வேறு ஏடுகள் உண்டு.

முதலாவது, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. படையலுக்கும் புரவி எடுப்புக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என வரி உண்டு. வரி கொடுத்தவர் பெயர் வகையறா வாரியாக எழுதப்படும். இரண்டாவது, மொய் நோட்டு. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாத மொய் விருந்துகள் புகழ்பெற்றவை. அங்கு கொடுத்தவரின் ஊர், தந்தை பெயர், தொகை எழுதிய நோட்டுகள் குடும்பச் சொத்தாகக் காக்கப்படுகின்றன. மூன்றாவது, ஆவூர் முதலிய பழைய கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள். நான்காவது, 1888இல் தொடங்கிய இனாம் செட்டில்மென்ட் ஆவணங்கள். நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டையைப் பற்றி எழுதிய ‘தி ஹாலோ கிரவுன்’ என்ற நூலுக்கு இனாம் ஆவணங்கள் முக்கியச் சான்றுகளாயின. கோயில் ஊழியம், ஊர்க்காவல், ஏரிப் பணி ஆகியவற்றுக்கு மானியம் பெற்ற எளிய குடிகளையும் அவற்றில் காணலாம்.

நம் குலதெய்வக் கோயிலின் பூசாரி வீட்டில் பழுப்பேறிய நோட்டு ஒன்று இருந்தது. 1920களில், அதற்கு முந்தைய ஓலைக் கணக்கைப் பார்த்து எழுதப்பட்டதென்று சொன்னார்கள். நம் வகையறாவின் கீழ், எள்ளுப்பாட்டனார் பெயருக்கு மேலே, மூத்தவர் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘கண்டி’ என்ற ஒரு சொல். அதற்கு நேரே வரி செலுத்தப்பட்ட குறி. போனவர் திரும்பவில்லை, திருமணமாகித் தலைக்கட்டு ஆனாரா என்பதும் தெரியாது. ஆனாலும் தம்பியின் குடும்பம் அவருக்காகத் தலைக்கட்டு வரியைத் தொடர்ந்து கொடுத்து வந்திருக்கிறது. திரும்பி வந்தால் கோயிலில் அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ பங்கில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. வரகும் கேழ்வரகும் விளைந்தால்தான் சோறு என்றிருந்த குடும்பம், இல்லாத ஒருவருக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வரி கொடுத்தது.

அவருடைய பெயர் அந்தத் தெய்வத்தின் பெயரே. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அப்பெயர் கொண்டவர். எனவே அதை வைத்துக்கொண்டு மலையகத்தில் அவர் வழியினரைத் தேடுவது கடலில் கரைத்த உப்பைத் தேடுவது போன்றது. இருப்பினும் ஒன்று தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஏடு, ‘இவர் எங்களுக்குச் சுமை’ என்பதற்காகப் பெயரை எழுதியது. கப்பல் ஏடு, ‘இவர் எங்களுக்குச் சொந்தம்’ என்பதற்காக எழுதியது. கோயில் நோட்டு, ‘இவருக்கு இங்கே பங்கு உண்டு’ என்பதற்காக எழுதியது. கணக்கு எழுதியதன் நோக்கமே அதில் உள்ள மனிதரை யார் என்று தீர்மானிக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தலைக்கட்டு நோட்டில் பெண்ணின் பெயர் இராது. கோயில் பங்கே மறுக்கப்பட்ட சாதியினரின் பெயரும் அந்நோட்டில் இராது. கண்டிச்சீமைக்குப் போனவர்களுள் பெரும் பகுதியினர் அவர்களே. அவர்களுக்குத் தங்கள் தெய்வத்தின் கோயிலும் வாய்மொழி நினைவுமே காப்பகங்கள்.

இந்த நோட்டுகள் எந்த அரசுக் காப்பகத்திலும் இல்லை. கோயிலுக்குக் கான்கிரீட் கட்டும்போது பழைய பெட்டி தூக்கி எறியப்படுகிறது. மொய்க் கணக்கு கணினிக்கு மாறியதும் பழைய நோட்டு எடைக்குப் போகிறது. தாயகம் திரும்பியோர் வீடுகளில் உள்ள குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, தோட்டத்துச் செக்ரோல் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சீட்டு ஆகியன ஓலைப் பெட்டியில் கரையானுக்கு இரையாகின்றன. வாசக நண்பர்கள் இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, தங்கள் குலதெய்வக் கோயிலின் நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் கண்டி, பினாங்கு, ரங்கோன் என்று ஏதேனும் ஒரு சொல் இருந்தால் அந்தப் பக்கத்தில் சற்று நேரம் நில்லுங்கள். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெங்கும் எழுதப்படாதவர் அவர்.